லூர்தம்மாவுக்கு அரை மதிப்பெண்

நம்முடைய புத்தகத்தில் மீன் வாசனை ஏறிவிட்டது.

ஆழ்வார்பேட்டைப் பதிப்பகத்தில் முதல் பிரதிகளை வாங்கிக்கொண்டு நேற்று நேராகப் பட்டினப்பாக்கம் போனேன், உன் அம்மாவிடம் கொடுக்க. திரும்பும்போது, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் ஒரு கூறு நெத்திலியைக் கவரில் கட்டி என் பைக்குள் திணித்துவிட்டார். பெரும்பாக்கம் வந்து சேர்வதற்குள் கவர் கசிந்துவிட்டது. வீட்டில் பையைத் திறந்தபோது புதுத் தாளும் பசையும் மீனும் ஒன்றாகக் கலந்த வாசனை எழுந்தது. நான் அட்டையைத் துடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் இருந்த உன் பையின் வாசனை அது.

மயிலாப்பூர்க் கல்லூரியின் முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். அலுவலக ஜன்னலில் இரண்டு வரிசைகள். ஒன்றில் எல்லோரும் அப்பா அம்மாவோடு நின்றார்கள். இன்னொன்றில் நாம் இருவர் மட்டும், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு. வகுப்புக்குப் போனதும் உன் அருகில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். நீ கோபப்படவில்லை. “மீன் வாசனன்னு நெனச்சியா? எங்கம்மா என்ன காலேஜ்ல சேத்த வாசன இது. பழகிக்கோ” என்று சொல்லிவிட்டு, பின்னால் தனியாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாய். “இன்னா அங்கயே உக்காந்துகினு கீற? இங்க எடம் காலியாயிடுச்சு, வா.”

நான் வந்தேன். அந்த வருடம் முழுக்க நானாகச் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான்.

ஆங்கில இலக்கியம் நம் இருவருக்கும் தற்செயலாகக் கிடைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அப்படித்தான். காமர்ஸ் கிடைக்கவில்லை, இது கிடைத்தது. உன்னைக் கேட்டபோது வேறு பதில் வந்தது. “இங்கிலீஷ் தெரிஞ்சவ எதுக்குடி இங்கிலீஷ் படிக்கணும்? எனக்குத் தெரியாது. அதான் சேந்தேன்.” இவ்வளவு நேரான காரணத்தை அதற்குப் பிறகு நான் எந்த நேர்காணலிலும் கேட்டதில்லை.

நம்மிடம் இருந்தது ஒரே ஓர் அகராதி. என் அம்மா வேலை செய்த, குளத்தை ஒட்டிய தெருவிலிருந்த வீட்டு மாமி கொடுத்தது. “ஆத்துல சும்மாதான் கெடக்கு, எடுத்துண்டு போ. முன்பக்கம் கொஞ்சத்த எலி தின்னுடுத்து, பரவாயில்லையோன்னோ?” என்று கேட்டாராம். அட்டை இல்லை. ஏ முழுவதும் இல்லை, பி முழுவதும் இல்லை, சி-யிலும் முன்பாதி இல்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. நீ புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “ஏ, பி எல்லாம் வசதியானவங்க வெச்சிக்கட்டும். நமக்கு சி-ல இருந்து போதும்.”

எலி விட்டுவைத்த முதல் பக்கத்தில் மேலே நின்ற சொல் ‘கோக்ஸ்’. நயமாகப் பேசி ஒரு காரியத்தைச் செய்யவைப்பது என்று அர்த்தம். அன்று மாலை கடற்கரை மணலில் உட்கார்ந்து நான் அதைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள்: தினமும் பத்துச் சொற்கள், பக்கத்தில் அர்த்தம், மனப்பாடம். மறுநாள் காலையில் பத்தும் போயிருக்கும்.

நீ என் வாயைக் கையால் பொத்தினாய். “ஒரு வார்த்தைன்னா அது எங்கயாச்சும் குடியிருக்கணும்டி. மனப்பாடம் பண்றது லாட்ஜ்ல தங்க வெக்கற மாதிரி. காலைல காலி பண்ணிகினு போய்கினே இருக்கும். இத யாருக்குக் குடுக்கலாம், சொல்லு.”

“யாருக்குக் குடுக்கறதா?”

“உங்க ஏரியாவுல யாரு இப்படி? நைசா பேசிப் பேசி வேல வாங்கறது?”

யோசித்தேன். என் அப்பா பெயின்டர். கிளம்ப மறுக்கும் பழைய மொபெட்டிடம் தினமும் காலையில், “வாடி என் ராஜாத்தி, அடையாறு வரைக்கும்தான், அதுக்கு மேல கூப்ட மாட்டேன்” என்று அதன் சீட்டைத் தட்டிக்கொடுத்துப் பேசுவார். அது கிளம்பவும் செய்யும். சொன்னதும் நீ மணலில் புரண்டு சிரித்தாய். “முடிஞ்சுது. கோக்ஸ் உங்க நைனாவுக்கு.” அன்று முதல் இன்றுவரை அந்தச் சொல் எனக்கு மறக்கவில்லை. அப்பா மொபெட்டை விற்று வருடங்கள் ஆகிவிட்டன. அந்தச் சொல்லுக்குள் அது இன்னும் கிளம்பிக்கொண்டே இருக்கிறது.

அப்படித்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வீடு பார்த்தோம். ‘மெட்டிகுலஸ்’ மாமிக்குப் போயிற்று, கழுவிய பாத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதால். ‘செரீன்’ நண்பகலில் யாருமில்லாத தெப்பக்குளத்துக்கு. ‘ரிலக்டன்ட்’, மனமில்லாமல் ஒரு வேலையைச் செய்வது, ஆள் நிரம்பிப் பாலத்தின் மீது ஏறும் பேருந்துக்கு. தீபாவளிக்கு முன்னால் துணி எடுக்க தி.நகர் போனோமே, ரங்கநாதன் தெருவில் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எங்கோ பின்னாலிருந்து உன் குரல் கேட்டது: “ஜாசில்டீ! இதான்டி ஜாசில்!” கூட்டத்தில் இடித்துத் தள்ளுவது. பொரி விற்றவர் திரும்பினார். போலீஸ்காரர் திரும்பினார். யாரோ திருடன் பெயரைக் கத்துகிறாய் என்று நினைத்திருப்பார்கள். இடி வாங்கிக்கொண்டே நானும் சிரித்தேன்.

இரண்டு விதிகள் வைத்தாய். எதையும் எழுதி வைக்கக் கூடாது, எழுதினால் நோட்டுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. ஒருவருக்குக் கொடுத்த சொல்லை இருவரும் சம்மதிக்காமல் திரும்ப வாங்கக் கூடாது.

இரண்டாவது விதியில் மாட்டிக்கொண்டது நான்தான். ஒருநாள் கட்டுரையைச் சமர்ப்பிக்க ஆசிரியர்கள் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் எழவில்லை. யாராவது நிமிர்ந்து பார்த்தால் போகலாம் என்று காத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. மணி அடித்துவிட்டது. நீ படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய். நான் திரும்பி வந்ததும், “ஹெசிடேட்” என்றாய். தயங்குவது. “இதுக்கு ஆளே தேட வேணாம். உனக்குத்தான்.” கட்டுரையை என் கையிலிருந்து பிடுங்கி நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய்.

உன் அம்மாவின் சொல் முதல் வருடத்திலேயே முடிவாகிவிட்டது. அந்த முதல் தலைமுறைச் சான்றிதழுக்காக அவர் ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த கதையை நீ நடித்தே காட்டுவாய். நாளை வா, நாளை வா என்றார்களாம். கடைசியில் ஒருநாள் வியாபாரத்தை முடிக்காமல், பாதிக் கூடை மீனோடு போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். “நான் இன்னிக்கு வேலையா வர்ல சார், சும்மா உக்காந்துகினு கீறேன். வெயில் ஏறினா கூடைதான் பேசும்.” வெயில் ஏறியது. கூடை பேசியது. மதியத்துக்குள் கையெழுத்து வந்துவிட்டது. ‘ரிலென்ட்லெஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நாம் இருவரும் ஒரே நேரத்தில் அவர் பெயரைச் சொன்னோம். விடவே விடாதது, ஓயாமல் வந்துகொண்டே இருப்பது. லூர்தம்மா.

அதனால்தான் அந்தத் தேர்வில் அப்படி ஆயிற்று. கடலைப் பற்றிய ஒரு கவிதை. அதில் வரும் அலைகளை விவரி என்று கேள்வி. எனக்கு அலைகள் தெரியும், கவிதையும் தெரியும். சொல் மட்டும் வரவில்லை. உன் அம்மாவின் முகம் வந்தது, வராந்தா வந்தது, கூடை வந்தது. நேரம் முடியப்போகிறது. வேறு வழியில்லாமல் எழுதினேன்: அலைகள் லூர்தம்மாவாக இருக்கின்றன.

மேடம் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்த வரியை உரக்கப் படித்துவிட்டு, “யார் இந்த லூர்தம்மா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். எழுந்து நின்று சொல்ல வேண்டியது நான். எழுந்தது நீ.

“மேம், லூர்தம்மா இஸ் மை மதர்.”

சிரிப்பு நின்றது. நீ நிற்கவில்லை. பாதி ஆங்கிலத்திலும் பாதி நம் ஊர்த் தமிழிலும் அலுவலக வராந்தா, வெயில், கூடை எல்லாவற்றையும் சொன்னாய். “அந்த ஆபீசர் எங்கம்மாவப் பாத்த மாதிரிதான் மேம் பாறையும் அலையப் பாக்குது. ரிலென்ட்லெஸ். இவளுக்கு வார்த்த மறக்கல மேம். வார்த்தையோட அட்ரஸ்தான் மொதல்ல வந்துச்சு.” மேடம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் விடைத்தாளை வாங்கி ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் சிவப்பு மையில்: லூர்தம்மாவுக்கு அரை மதிப்பெண். மணி அடித்தபோது, முதல் நாள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்த பெண் உன்னிடம் வந்து, “ரிலக்டன்ட்டுக்கு யாரு?” என்று கேட்டாள்.

அன்று மாலை உன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாய். அவர் தராசை நிறுத்தினார். “அர மார்க்கா? முழுசா குடுக்கறதுக்கு இன்னாவாம் அந்தம்மாவுக்கு? நான் வந்து கேக்கட்டா?”

அடுத்த வருடம் எங்கள் வீடுகள் போயின. அடையாற்றின் கரையில் நான் பிறந்த தெரு இரண்டே நாளில் தரையாகியது. எங்களுக்குப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு ஒதுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வேறு கட்டடம், எதிர்வீட்டுக்காரர்களுக்கு வேறு ஊர். சாமான் ஏற்ற நீ காலையிலேயே வந்துவிட்டாய். டெம்போவின் பின்னால், சுருட்டிய பாய்களுக்கு நடுவில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ‘எவிக்ட்’ என்ற சொல் நினைவுக்கு வந்தது. குடியிருப்பவரை வெளியேற்றுவது. “இத யாருக்குக் குடுக்கலாம்?” என்று கேட்டேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாய். “இது வேணாம்டி. இதுக்கு வீடு குடுக்காத. இது தெருவுலயே கெடக்கட்டும்.”

கொஞ்ச தூரம் போன பிறகு நீயே பேசினாய். “உங்க தெரு ஆளுங்கள எங்கெங்கயோ பிரிச்சுப் போட்டாங்க இல்ல? நம்மகிட்ட எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீட்லதான் கீறாங்க. உங்க நைனா சி-ல. உங்க தெருமுன இஸ்திரிக்காரத் தாத்தா ஐ-ல. யாரு வந்து காலி பண்ணச் சொல்லுவான், பாக்கலாம்.”

இன்று புத்தகத்தைப் புரட்டும்போது அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். என் தெரு அப்படியே இருக்கிறது. ஒரு வீடுகூடக் குறையவில்லை.

கடைசி வருடத்தில் உங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கோவிலுக்குப் பின்னாலிருந்த மணலில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தாய். பேசுவது நீ. வாக்கியம் எழுதிக் கொடுப்பது நான். பின்னால் உட்கார்ந்து துண்டுத்தாளில் எழுதி அனுப்புவேன், நீ படித்துப் பார்த்துப் பாதியைத் திருப்பி அனுப்புவாய். எழுதுவதைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்தத் திரும்பி வந்த துண்டுகளில்தான். நல்ல பெண், நல்ல பள்ளி, நல்ல மழை என்று எழுதினால், “இதுல ஆள் யாரும் இல்லையேடி. ஆள் இல்லாத வாக்கியம் காலி ஷேர் ஆட்டோ. ஓடும். யாரையும் எங்கயும் எறக்கி விடாது” என்பாய். ‘வெரி’ என்ற சொல்லை நான் எங்கு போட்டாலும் அடித்துவிடுவாய். “வெரி போடறது ஐஸ் போடற மாதிரி. காலைல புடிச்ச மீனுக்கு எதுக்கு ஐசு?” தரமணி அலுவலகத்தில் குழந்தைகளுக்கான ஆங்கிலப் பாடம் எழுதும் வேலைக்கு நான் சேர்ந்தபோது, எழுத்தை எப்படித் திருத்துவது என்று ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது எதுவும் எனக்குப் புதிதாக இல்லை. ஐஸ் போடாதே, ஆளை ஏற்று. வேறு வார்த்தைகளில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் வீடு கொடுத்தாய், உனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். “நான் ஓனர்டி. ஓனருக்கு எதுக்கு வாடக வீடு?” என்று தட்டிவிடுவாய்.

பட்டம் வாங்கிய அந்தக் கோடையில் காய்ச்சல் என்று படுத்தாய். பிறகு அது வெறும் காய்ச்சல் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வார்டுக்குள் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார். உன் அம்மா என்னிடம், “நீ படிச்ச பொண்ணு, இன்னான்னு கேளும்மா” என்றார். நான் எழுந்தேன். டாக்டர் பின்னால் கதவுவரை போனேன், வாய் திறக்கவில்லை. அவர் போய்விட்டார். கடைசியில் உன் அம்மாதான் ஓடிப்போய் வழிமறித்துக் கேட்டார்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நீ கண்ணைத் திறக்காமலேயே பேசினாய். “அந்த வார்த்தைய ரொம்ப நாளா வெச்சிகினு கீற. வாடககூடக் குடுக்கல.”

“எத?”

“ஹெசிடேட். காலி பண்ணு. ஓனர் கேக்கறேன்.”

“எப்படிக் காலி பண்றது?”

“நம்ம வேலைக்காக ஒரு தபா, ஒரே தபா, எழுந்து நின்னு வாயத் தொற. எங்கம்மா மாதிரி. அன்னிக்குச் சாவியக் குடுத்துடு.” பிறகு ஒரு சுளை ஆரஞ்சு கேட்டாய். அது புளிக்கிறது என்று என்னைத் திட்டினாய். அந்த வாரமே போய்விட்டாய்.

சாவி என்னிடமே இருந்தது. தரமணியில் என் பெயரே ‘சரி மேடம்’ என்று ஆகிவிட்டது. யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வார இறுதிகளில் எட்டாவது மாடியில் உட்கார்ந்து நம் சொற்களை ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதி வைக்கக் கூடாது என்பது உன் விதி. அதை நான் மீறியதாக நினைக்கவில்லை. எழுதியது எனக்காக அல்ல, மற்றவர்களுக்காக. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம். சொல், அது குடியிருக்கும் ஆள், அந்த ஆளைப் பற்றி நாலைந்து எளிய வாக்கியங்கள். முடித்து ஆழ்வார்பேட்டையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். கூப்பிட்டார்கள்.

வசந்தி மேடம் என்ற பதிப்பாசிரியர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நல்லவர். பக்கங்களை ரசித்துப் படித்திருந்தார். விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் பிரபு சாரும் இருந்தார்.

“ரொம்ப நல்லா வந்திருக்குமா. இந்தப் பேரெல்லாம் மட்டும் மாத்திடலாமா?” என்றார் மேடம். “லூர்தம்மா, குப்பம், ஷேர் ஆட்டோ... மதுரையில ஒரு ஸ்கூல்ல வாங்கினா அவங்களுக்கு என்ன தெரியும்? ரவி, கீதான்னு பொதுவா வெச்சிடலாம்.”

“அப்புறம், ஏ-ல ஆரம்பிக்காத வொகாபுலரி புக்க நான் எந்தக் கடையில கொண்டுபோய் வெக்கிறது?” என்றார் பிரபு சார்.

எனக்குப் புரிந்தது. ரவியும் கீதாவும் வந்துவிட்டால் என் தெருவை இன்னொரு முறை காலி செய்கிறோம் என்று அர்த்தம். இந்த முறை டெம்போவில் ஏற்றிக் கொடுப்பது நானாக இருப்பேன். அப்படியும் ‘சரி மேடம்’ என்பது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. டீயைக் குடிப்பதுபோல வாயை மறைத்துக்கொண்டேன்.

நான் பேசாததைப் பார்த்து வசந்தி மேடம் கனிவாகக் கேட்டார்: “யாரும்மா இந்த லூர்தம்மா?”

அதே கேள்வி. என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலி. அதன்மீது பிரபு சாரின் ஹெல்மெட். எழுந்து நிற்க யாரும் இல்லை.

நான் எழுந்தேன். நிஜமாகவே எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கலாம், அது அலுவலகம்தானே. ஆனால் எனக்கு உட்கார்ந்து பேசத் தெரியவில்லை, நீ பேசியதைத்தான் பார்த்திருக்கிறேன். “என் ஃப்ரெண்டோட அம்மா மேடம். பட்டினப்பாக்கத்துல மீன் விக்கறாங்க” என்று ஆரம்பித்தேன். சான்றிதழைச் சொன்னேன், வராந்தாவைச் சொன்னேன், வெயில் ஏறினால் கூடை பேசும் என்பதைச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. தேர்வில் வாங்கிய அரை மதிப்பெண்ணைச் சொன்னபோது வசந்தி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

பிரபு சார் குறுக்கே வந்தார். “எங்க பெரியம்மா ஒருத்தங்க திருச்சில இருக்காங்க மேடம். இதே கேஸ். பென்ஷனுக்காக ஆபீஸ் வாசல்ல முருங்கக்கீரை ஆய்ஞ்சிக்கிட்டே உக்காந்துட்டாங்க. அவங்கதான் மேடம் ரிலென்ட்லெஸ்.”

“பாத்தீங்களா சார், இப்ப நீங்களே பேர மாத்திட்டீங்க” என்றேன் நான். “நாம மாத்த வேணாம். படிக்கறவங்க மாத்திப்பாங்க. மதுரைல ஒரு பொண்ணுக்கு அவ தெருவுல ஒரு லூர்தம்மா கெடைப்பாங்க. ரவி, கீதான்னு போட்டா தேடணும்னே தோணாது.” பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “பேர எடுக்க எனக்குச் சம்மதம் இல்ல மேடம்” என்றேன்.

வசந்தி மேடம் ஒரு பக்கத்தை எடுத்து, அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். “அப்ப இப்படிச் செய்வோம். ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ ஒரு காலி வரி. ‘உங்கள் தெருவில் இது யார்?’ பேரெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

“ஏ, பி?” என்றார் பிரபு சார்.

“எலி தின்னுடுச்சு சார்” என்றேன். இந்த முறை மூவரும் சிரித்தோம். சி-யில் தொடங்கும் ஒரே சொற்புத்தகம் என்றே விளம்பரம் செய்துவிடலாம் என்றார் மேடம்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: “காலி பண்ணிட்டேன்டி.” பக்கத்தில் கீரைக்கட்டோடு நின்ற அம்மா ஆவலாகத் திரும்பினார். “எந்த ஏரியாம்மா? வாடக எவ்ளோ? அட்வான்சு ரொம்பக் கேப்பாங்களா?” நீ இருந்திருந்தால் அவரை நம்பவைத்து வீட்டையே காட்டியிருப்பாய்.

‘ஹெசிடேட்’ பக்கத்தில் என் பெயர்தான் இருக்கிறது. வசந்தி மேடம் அதையாவது மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குடித்தனம் காலி செய்தாகிவிட்டது, பெயர்ப்பலகை மட்டும் இருக்கட்டும். அந்த வாசலில் வந்து நிற்கப்போகிற பெண்களுக்கு, இங்கே முன்னால் ஒருத்தி இருந்தாள், பிறகு போய்விட்டாள் என்று தெரிய வேண்டும்.

நேற்று உன் அம்மா கையை முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தை வாங்கினார். “எம் பேரு எங்க கீது, காட்டு.” காட்டினேன். படித்துக் காட்டச் சொன்னார். பாறையிடம் அலை லூர்தம்மாவைப் போல் வந்துகொண்டே இருக்கிறது என்று தமிழில் சொன்னேன்.

“அலைக்கு இன்னா, சும்மா வருது” என்றார். “நான் விடிய முன்ன எழுந்து ஏலத்துக்குப் போவணும்.” பிறகு குரல் தணிந்தது. “அவ பேரு எங்க கண்ணு?”

புத்தகத்தை மூடி அட்டையைக் காட்டினேன். எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள். முதலில் உன் பெயர், அதன் கீழே என் பெயர். அவர் உன் பெயரின்மீது விரலை வைத்தார். எடுக்கவில்லை. ஈரம் ஊறி அந்த எழுத்துக்கு மேலே ஒரு விரல்தடம் விழுந்தது. அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அந்தப் பிரதி அவருடையதுதானே.

பிறகு ஆரம்பித்தார், உனக்குத் தெரியுமே. வஞ்சிரம் கேட்டு வந்தவரை நிறுத்தி, “எம் பொண்ணு புக்கு போட்டுகீறா சார், பாருங்க” என்றார். இறால் கேட்டவரிடமும் அதேதான். எதிர்க்கடைக்காரம்மா, “அப்பலேர்ந்து இதையே சொல்லிகினு கீற லூர்து, எனக்கே பாடமாயிடுச்சு” என்று கத்தினார். “பாடமாவட்டும். அதுக்குத்தான புக்கு” என்றார் உன் அம்மா.

இன்று சனிக்கிழமை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். இப்போது பேசுவதும் நான்தான். புத்தகத்தை வாங்கியதும் ஒவ்வொருவரும் முகர்ந்து பார்த்தார்கள். “இன்னா மிஸ், மீனு வாசன அடிக்குது?” என்றான் ஒருவன். “பழகிக்கோ” என்றேன். இன்னொருத்தி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “ஏ, பி எங்க மிஸ்?” என்றாள்.

என்னிடம் இப்போது முழு அகராதி இருக்கிறது. எங்கே எந்தச் சொல்லைப் பார்த்தாலும் உன் கேள்வியோடுதான் பார்க்கிறேன். யாருக்குக் கொடுக்கலாம்? பேருந்தில், சம்பளம் போடும் நாளில், ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வருகிறது. அது வந்த பிறகு யாரையும் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

பலகையில் ஏ-யில் தொடங்கும் ஒரு சொல்லை எழுதினேன். ‘அடேஷியஸ்’. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பது. “இத யாருக்குக் குடுக்கலாம் மிஸ்?” என்றார்கள் எல்லோரும்.

நீ ஓனர் என்றாய். சரிதான். ஆனால் உன் வீடுகள் எல்லாம் சி-யிலிருந்துதான். ஏ-யும் பி-யும் உனக்குச் சொந்தமில்லை, எலிக்குத்தான் சொந்தம். அங்கே உனக்கு வீடு கொடுக்க நான் உன்னைக் கேட்க வேண்டியதில்லை.

சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினேன். “மயிலாப்பூர் காலேஜ்ல ஒரு பொண்ணு இருந்தா. மொத நாள் பக்கத்துல உக்காந்தவ மூக்கச் சுருக்கிகினு நகந்துட்டா...” என்று தொடங்கினேன். கடைசி வரிசைவரை கேட்டது.

நீயும் குடிவந்துவிட்டாய். வாடகை வேண்டாம்.